பன்னிரண்டாவது ஆள்

அந்தச் சனிக்கிழமை டிரைவர் தன் செயற்கைக் காலையே தூக்கி வீசிவிட்டான். அது சார்ஜென்டின் தோளை உரசிக்கொண்டு போய்க் கதவில் மோதி விழுந்தது.

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா? வாராவாரம் வந்து உசிரை எடுக்கறீங்க."

"இல்லப்பா, வேற வேலை இல்ல" என்றார் சார்ஜென்ட். குனிந்து காலை எடுத்து, தூசி தட்டி, கட்டிலோரம் சாத்தி வைத்தார். அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

டிரைவரின் மனைவிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அறுபத்தைந்து வயது மனுஷர். போரில் கண்ணிவெடிக்கு இடது காலைக் கொடுத்தவர். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்று மாடி. ஒவ்வொரு படியாகப் பொய்க்காலை ஏற்றி வைத்து வருகிறார். எதற்காக? பட்டாளத்தில் லாரி ஓட்டப் போய் அதே மாதிரி ஒரு காலை இழந்து வந்த இந்த மகானுபாவனை எழுப்பி நடக்க வைக்க. பிரதிபலனாக ஒரு டீ குடிப்பார், அதுவும் சர்க்கரை இல்லாமல்.

இருபது வருஷமாக அவர் செய்வது இதுதான். கால் போன சிப்பாய்களை ஆஸ்பத்திரி வார்டில் போய்ப் பார்ப்பார். வீடு திரும்பியதும் பின்னாலேயே வருவார். உறை மாட்டுவது, பட்டையை இறுக்குவது, படி இறங்குவது எல்லாம் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார். பதினோரு பேர் அப்படி எழுந்து நடந்து வேலைக்கும் போய்விட்டார்கள். பன்னிரண்டாவது ஆள் டிரைவர். எட்டு மாதமாகியும் ஐயா கட்டிலை விட்டு இறங்கவில்லை.

கீழ்வீட்டுத் தையல்கார அம்மாள் ஒருநாள் கேட்டே விட்டாள், உன் வீட்டுக்காரருக்குக் காலோடு மனசாட்சியும் போய்விட்டதா என்று. மனைவியும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

காலையில் அவனைத் தோளில் தாங்கிக் குளியலறைக்குக் கொண்டுபோவாள். பிறகு பல் டாக்டரிடம் சீட்டு எழுதும் வேலைக்கு ஓடுவாள். சாயங்காலம் வந்து பார்த்தால் அதே கட்டிலில் அதே சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். காலை மாட்டிப் பார்த்தீங்களா என்று கேட்டால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வான்.

தான் படுவதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் பெரியவர் ஏன் படவேண்டும்?

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு சார்ஜென்ட் வீட்டுக்கே போனாள். இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவதாக முடிவு.

அவர் இல்லை. மகள்தான் கதவைத் திறந்தாள். புதிதாக யாராவது வந்திருக்கிறார்களா என்று பார்க்க அப்பா வார்டுக்குப் போயிருக்கிறார், புதன்தோறும் போவார் என்று சொல்லி உட்கார வைத்தாள்.

மனைவி மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினாள். காலை வீசியது, கத்தியது, எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டாள்.

"என் வீட்டுக்காரர் திருந்த மாட்டாருங்க. அப்பாவை இனிமே வரவேண்டாம்னு சொல்லிடுங்க."

மகளின் முகம் வெளுத்துப்போயிற்று. சட்டென்று இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படிச் சொல்லிடாதீங்க அக்கா."

பதினோராவது ஆள் நடந்து வேலைக்குப் போன மாதம்தான் போரும் நின்றதாம். வார்டு காலி. சார்ஜென்ட் வீட்டுக்கு வந்து படுத்தவர் நாலு மாதம் எழுந்திருக்கவில்லை. சவரம் இல்லை, பேச்சு இல்லை. ஒருநாள் தலையணை உறையை மாற்றும்போது உள்ளே முப்பது தூக்க மாத்திரை இருந்தது. தினம் ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கிறார். அந்தச் சமயத்தில்தான், போர் நின்ற பிறகும் மண்ணில் கிடந்த கண்ணிவெடியில் கடைசியாக ஒரு டிரைவர் கால் போய் வந்திருப்பதாகத் தகவல் வந்தது. அன்றைக்கு அவராகவே சவரக்கத்தி கேட்டாராம்.

"போர் நின்னது ஊருக்கெல்லாம் நிம்மதி. எங்கப்பாவுக்கு மட்டும் எழுந்திருக்க ஒரு காரணம் இல்லாமப் போச்சு. இப்ப அவருக்குன்னு இருக்கிறது உங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான்."

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.

"அதுக்காக இவர் காலம் பூரா நடக்காமலே கிடக்க முடியுமா?"

மகள் தயங்கினாள். வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு உங்க வீட்டுக்காரர் சொல்லியிருக்கார். அவர் நடக்க ஆரம்பிச்சு மூணு மாசமாச்சு அக்கா. தலையணை மாத்திரை விஷயத்தை நான் சொன்னதுலேருந்து, புதன்கிழமை அப்பா இல்லாத நேரமாப் பார்த்து இங்க வருவார். அப்பா சாப்பிடறாரா, தூங்கறாரா, மாத்திரையைக் கண்ணெதிர்ல முழுங்கறாரான்னு விசாரிச்சுட்டுப் போவார். இன்னைக்கும் வந்துட்டுத்தான் போனார். கையில தடிகூடக் கிடையாது."

காலையில் அவனைத் தாங்கிக்கொண்டு போன வலி இவள் முதுகில் இன்னும் இருந்தது. கோபப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. தன்னிடம் ஏன் மறைத்தான் என்று மட்டும் கேட்டாள்.

"உங்களுக்குப் பொய் சொல்லவே வராதாம். அப்பாவைப் பார்த்ததும் உங்க முகமே காட்டிக் கொடுத்துடும்னார்."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வந்த விஷயத்தை அப்பாவிடம் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். மகள் வாசல் வரை வந்தாள்.

"போன சனிக்கிழமை காலைத் தூக்கி எறிஞ்சாராமே. இவனை எழுப்ப இன்னும் ஒரு வருஷம் ஆகும்னு அப்பா சிரிச்சுக்கிட்டே வந்தார். அன்னைக்கு ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நேத்துலேருந்து மறுபடியும் சரியாச் சாப்பிடல அக்கா. இந்தச் சனிக்கிழமை கொஞ்சம் கூடவே திட்டச் சொல்லுங்க."