முருகலட்சுமியின் சம்மதம்

வீட்டிலிருந்து சம்மதம் வந்தால்தான் அரசு மதுக்கடையில் பாட்டில் கிடைக்கும் என்று சட்டம் வந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சருக்கே வீட்டில் சம்மதம் கிடைக்கவில்லை என்று பேச்சு.

சாத்தூர் லாரி மெக்கானிக் காளிராஜ் தினமும் சாயங்காலம் கடைக்கு வந்து இயந்திரத்தில் கட்டைவிரலை வைப்பார். அவர் மனைவி முருகலட்சுமியின் போனுக்குக் கேள்வி போகும். "முடியாது" என்று பதில் வரும். வரிசையில் நிற்பவர்களிடம் அவளைப் பத்து நிமிடம் திட்டிவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்.

அன்றைக்குத் திரையில் பச்சை எரிந்தது. விற்பனையாளர் ஞானசெல்வி பாட்டிலை எடுத்து வைத்தாள். வரிசையே கைதட்டியது.

காளிராஜுக்கு முகம் செத்துவிட்டது. "நல்லா பாரும்மா. மிஷின் கோளாறா இருக்கும்."

"சரின்னுதாண்ணே அழுத்தியிருக்காங்க."

"அவளா? என்னைத் தலைமுழுகிட்டாளா?"

பாட்டிலைத் தொடாமல் வீட்டுக்கு ஓடினார். முருகலட்சுமி மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"நான் குடிச்சுச் செத்தா உனக்குப் பரவாயில்லையா?"

"என்ன உளறுறீங்க? மாவுக் கையோட அழுத்தினேன், வழுக்கிருச்சு."

"சத்தியமா?"

"சத்தியமா. வேணும்னா மறுபடி போய்க் கேளுங்க. இந்தத் தடவை ஒழுங்கா முடியாதுங்கிறேன்."

காளிராஜ் செருப்பைக்கூட மாட்டாமல் கடைக்கு ஓடினார். முருகலட்சுமி கையைத் துணியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, போனை மடியில் வைத்துக் காத்திருந்தாள்.