தண்ணீருக்குள் ஒரு சாட்சி

"திருக்கைக்கு மத்தி மீனைப் போட்டுப் போட்டுக் கரைக்கு இழுத்துட்டு வந்தவன் இவன்தான். என் பொண்ணு கால்ல முள்ளு ஏறினதுக்கும் இவன்தான் காரணம். இவன் படகைக் கட்டிப் போடுங்க."

நான்காவது தடவையாக இதையே சொன்னாள் எல்ஸி. ஒரு சொல் மாறவில்லை.

படகுச் சங்கத்துக் கூடத்தில் அவளுக்குப் பக்கத்தில் மகள் யமிலி, கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வயது. எப்போதும் போலத் துறைப் படியிலிருந்து கடலில் குதித்தவள், மணலுக்குள் கிடந்த திருக்கை மேலேயே காலை வைத்துவிட்டாள்.

"நான் போடல அக்கா," என்றான் வில்பெர்த். வெளியூர்க்காரர்களைப் படகில் கூட்டிப்போய்க் கடலுக்குள் மீன் காட்டுவது அவன் பிழைப்பு.

"பின்ன அதுங்க துறையில வந்து பந்திக்கு உக்காந்த மாதிரி ஏன் உக்காந்திருக்கு? உன் மூஞ்சியைப் பாக்கவா?"

நாலு பேர் சிரித்தார்கள். வில்பெர்த் சிரிக்கவில்லை. கடல் பிராணிக்குத் தீனி போட்டவனின் படகு ஒரு சீசன் முழுக்கக் கரையில் கிடக்கும். அது சங்கத்து விதி. அவனுக்கு இருப்பது அந்த ஒரு படகு. வீட்டில் பச்சைக் குழந்தை வேறு.

"அத்தாட்சி வேணும் எல்ஸி," என்றார் தலைவர் தோன் குவால்பெர்த்தோ. "கண்ணால பாத்தவங்க யாரும் இல்லையே."

"கண்ணுதானே வேணும்? வாங்கிட்டு வர்றேன்."

மறுநாளே சங்கத்துக் காசை வாங்கிக்கொண்டு மெரிதா நகரத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள். முங்குநீச்சல் வழிகாட்டி லாண்டியையும் கையோடு இழுத்துக்கொண்டு போனாள்.

கடைக்காரன் நீலத்தில் ஒரு கேமராவை எடுத்து வைத்தான். "இது மழை, நீச்சல்குளம் எல்லாம் தாங்கும் சென்யோரா. மூணு மீட்டர் வரைக்கும் போகலாம்."

"நான் என்ன நீச்சல்குளத்துலயா திருடனைப் பிடிக்கப் போறேன்? நல்லதா எடு."

அடுத்தது உள்ளங்கை அகலத்தில் ஆரஞ்சு நிறக் கேமரா. "பதினஞ்சு மீட்டர் ஆழம். ஆள் உயரத்துல இருந்து பாறையில விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது. கட்டி வச்சிட்டா நிமிஷத்துக்கு ஒரு படம் தானாவே எடுத்துக்கும்."

"கடல் கலங்கியிருந்தா?"

"கிட்ட இருக்கிறது தெரியும்."

"மேல நிக்கிறவன் மூஞ்சி தெரியுமா?"

கடைக்காரன் லாண்டியைப் பார்த்தான். "எதுக்கு வாங்குறாங்க இவங்க?"

"உல்லாசத்துக்கு," என்றாள் லாண்டி.

எல்ஸி வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். கேமராவை அதற்குள் முக்கி, கடைக்காரனைக் குனியவைத்து, ஒரு படம் எடுத்துப் பார்த்தாள். மூக்கோரத்து மரு வரை தெரிந்தது.

"இதைக் கட்டு."

"மூடுற இடத்து ரப்பர்ல ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் உள்ள தண்ணி போயிடும், பாத்துக்குங்க."

"யார்கிட்ட சொல்ற? என் வீட்டுல தரையைத் தடவிப் பாரு. ஒரு செதில் அகப்படாது உனக்கு."

திங்கள், செவ்வாய், புதன். மூன்று நாளும் விடிந்ததும் லாண்டி முங்கிப்போய், துறைப் படியோரம் வில்பெர்த் படகு நிற்கிற இடத்துத் தூணில் கேமராவை மேல்நோக்கிக் கட்டினாள். மதியம் அவிழ்த்து, நல்ல தண்ணீரில் அலசி வைத்தாள். மூன்று நாள் படத்தையும் மொத்தமாகப் பார்ப்பதென்று பேச்சு.

வியாழக்கிழமை காலை கூடத்தில் நிற்க இடமில்லை. லாண்டியும் வில்பெர்த்தும் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். லாண்டி யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"படமெல்லாம் வேணாம்," என்றான் வில்பெர்த். "நான்தான் போட்டேன். படகைக் கட்டிக்குங்க."

எல்ஸிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு குரல் வந்ததோ. "பாத்தீங்களா? மாட்டினதும் உத்தமனாயிட்டான். அன்னைக்கே இதைச் சொல்ல வாய் வலிச்சுதா உனக்கு?"

"தப்புதான் அக்கா. படம் மட்டும் வேணாம்."

"ஏன் வேணாம்? சங்கத்துக் காசு. ஊரே பாக்கட்டும்."

"போட்டுத்தான் ஆகணும்னா யமிலியை வெளியில அனுப்பிட்டுப் போடுங்க."

"அவ எதுக்குப் போகணும்? அவதான் முதல்ல பாக்கணும். கால் வீங்கித் துடிச்சவ அவ. துடிக்க வச்சது யாருன்னு அவளுக்குத் தெரிய வேணாமா? போடு லாண்டி."

லாண்டி தோன் குவால்பெர்த்தோவைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். கூடத்து டிவியில் படம் வந்தது.

தண்ணீருக்கு அடியிலிருந்து பார்த்த வானம். வட்டமடிக்கிற ஏழெட்டுத் திருக்கைகள். அவற்றின் மேல் மழையாக இறங்குகிற மீன் குடல், செவுள், தலை. துறைப் படியில் குனிந்து வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள் எல்ஸி.

செவ்வாய்க்கிழமைப் படத்திலும் எல்ஸி. புதன்கிழமையும் அவளே. அடியில் கேமரா இருக்கிறது என்று தெரிந்தேதான் போய்க் கொட்டியிருக்கிறாள். மீன் அரிந்த கழிவைக் கடலில் கொட்டுவதைத் தீனி போடுவதென்று அந்த ஊரில் எவளும் நினைத்ததில்லை. கூடத்திலிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

யமிலி மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யமிலி," என்றாள் எல்ஸி.

அவள் திரும்பவில்லை.

"கொஞ்சம் வெளியில போய் நில்லு கண்ணு."