செவ்வாய்க்கிழமை, பத்தரை மணி

"எடுத்துக்கோ. இன்னிக்கு எங்க இசானுக்கு முதல் பிறந்தநாள்" என்று மருத்துவமனையின் பாலூட்டும் அறையில் இசானின் அம்மா பலகாரப் பெட்டியைத் திறந்து நீட்டியபோது சொல்ஹீக்கு வயிறெரிந்தது. வாய் என்னவோ சிரித்தது, வாழ்த்தும் சொன்னது. பொல்லாத மனசுதான் சொன்னபடி கேட்கவில்லை.

முந்தின நாள் சாயங்காலம்தான் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்திருந்தது. "உங்க மக தான்பிக்கு நாளையிலேர்ந்து பிசியோதெரபி இடம் கிடைச்சிருக்கு. செவ்வாய்க்கிழமை, பத்தரை மணி." ஐந்து மாதமாகக் காத்துக் கிடந்த அழைப்பு. ஆனால் அந்தப் பத்தரை மணி இசானுடையது என்று சொல்ஹீக்குத் தெரியும். அவனுக்கு இனி தெரபி தேவையில்லை போலிருக்கிறது, தேறிவிட்டான்.

இரண்டு பிள்ளைகளுமே மூன்று மாதம் முந்திப் பிறந்தவை. அவன் கரையேறிவிட்டான். தன் மகளோ எட்டு மாதமாகியும் இடது கையை மூடியது மூடியபடியே வைத்திருக்கிறாள்.

"மூளை இப்ப பச்சை மண்ணும்மா. ஒரு வயசுக்குள்ள பழக்கிட்டா கை வந்துடும். விட்டுட்டா கஷ்டம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். பழக்க ஆள் வேண்டுமே. வரிசையில் தான்பி நாற்பத்தொன்றாவது ஆள்.

அப்போது கைகொடுத்தவள் இசானின் அம்மாதான். ஒவ்வொரு செவ்வாயும் மகனின் தெரபி முடிந்ததும், மாடிக்கோடியில் இருந்த இந்தப் பாலூட்டும் அறைக்கு நேராக வந்துவிடுவாள். அன்றைக்குக் கற்றதையெல்லாம் தரைவிரிப்பில் தான்பியைப் போட்டுச் செய்து காட்டுவாள்.

"திருட்டு வைத்தியம். மாட்டினா நீ யாரோ, நான் யாரோ" என்று கண்ணடிப்பாள்.

கடைசியாகப் பார்த்த அன்று இசான் பிடிமானமில்லாமல் ஏழு எண்ணும் வரை உட்கார்ந்திருந்தான். தெரபி செய்கிறவரே கை தட்டினார். அதன் பிறகு இரண்டு செவ்வாய்களாகத் தாயையும் பிள்ளையையும் காணவில்லை. பிறந்தநாள் ஏற்பாட்டில் இருப்பார்கள் என்று சொல்ஹீ நினைத்துக்கொண்டாள்.

இன்று அவள் தனியாகத்தான் வந்திருந்தாள். நாளும் கிழமையுமாக உறவுக்காரர்கள் பிள்ளையைக் கீழே விடுவார்களா என்ன.

சொல்ஹீ பெட்டியைப் பார்த்தாள். ஆவியில் வெந்த வெள்ளைப் பலகாரம் மட்டும்தான் இருந்தது, சிவப்புப் பயறு உருண்டை ஒன்றுகூட இல்லை. பத்து வயது வரை பிறந்தநாள்தோறும் அதை வைப்பது அந்த நாட்டில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். சிவப்பு இருக்கிற இடத்தில் செத்தவர்களின் ஆவி எதுவும் அண்டாது, பிள்ளைக்குக் காவல். தான்பியின் நூறாம் நாள் விழாவுக்குக்கூட இசானின் அம்மாதான் உருட்டிக்கொண்டு வந்து கொடுத்தாள். சொந்த மகனுக்கு மறந்துபோச்சாம். பிள்ளை தேறிய மிதப்பு, வேறென்ன என்று நினைத்தாள் சொல்ஹீ.

"தப்பிச்சுட்டீங்க அக்கா" என்றாள். சிரித்துக்கொண்டே சொல்ல நினைத்தது கொஞ்சம் குத்தலாகவே வந்து விழுந்தது. "இனிமே செவ்வாய்க்கிழமை நிம்மதியாத் தூங்கலாம். எங்க பொழப்பு இன்னும் எத்தனை வருஷமோ."

இசானின் அம்மா காலணியைக் கழற்றிவிட்டு வந்து விரிப்பில் உட்கார்ந்தாள்.

"பாப்பாவைக் குடு."

வாங்கி, பையிலிருந்து ஒரு சின்ன மஞ்சள் திண்டை எடுத்து, அதன்மேல் தான்பியைக் குப்புறப் படுக்க வைத்தாள். இசானுக்காக அவளே தைத்த திண்டு அது. "இதை நீயே வெச்சுக்கோ" என்றாள். "நல்லாப் பாரு. கட்டைவிரலைப் பிடிச்சு இழுக்காதே, இழுத்தா இன்னும் இறுக்கிப்பா. புறங்கையைத் தடவு. மணிக்கட்டுலேர்ந்து விரல் வரைக்கும், மெதுவா. அவளே விரிப்பா."

சொல்லிக்கொண்டே தானே தடவினாள். தடவிக்கொண்டே இருந்தாள். தான்பி ஒருமுறை சிணுங்கினாள், எச்சில் வடித்தாள்.

சுண்டுவிரல்தான் முதலில் அசைந்தது. அப்புறம் மற்றவை ஒவ்வொன்றாக விரிந்தன. விரிந்த கை இசானின் அம்மாவின் ஆள்காட்டி விரலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது.

"அக்கா! விரிச்சுட்டா அக்கா." சொல்ஹீ அழுதேவிட்டாள். இவ்வளவு நேரம் மனசுக்குள் கரித்துக் கொட்டியதை நினைக்க அவளுக்கே கூசியது. இந்தக் கை இல்லாவிட்டால் தன் மகளின் கை இன்று விரிந்திருக்குமா?

இசானின் அம்மா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. பிடியிலிருந்து விரலை உருவிக்கொள்ளவும் இல்லை.

எப்படியாவது அவளைச் சிரிக்க வைக்க வேண்டும் என்றிருந்தது சொல்ஹீக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டியைத் தட்டிக் காட்டினாள்.

"அதெல்லாம் சரி, பிறந்தநாளும் அதுவுமா இதென்ன கஞ்சத்தனம்? சிவப்பு உருண்டை எங்கே? என் பொண்ணுக்கும் இசானோட அதிர்ஷ்டம் கொஞ்சம் ஒட்டட்டுமே."

"பயறு ஊற வெச்சேன். காலையில எல்லாத்தையும் கொட்டிட்டேன்."

"ஏன் அக்கா?"

இசானின் அம்மா தன் விரலைப் பற்றியிருந்த அந்தச் சின்னக் கையையே பார்த்தாள்.

"சிவப்பு வெச்சா, எங்க இசான் இனிமே வீட்டுக்குள்ள வர முடியாதே, தான்பி அம்மா."