அவள் ரயில் ஏறியிருந்தால்

கடைசி வரியில் உங்களைச் சிரிக்க வைக்கிறேன். சத்தியம். அதற்கு முன்னால் ஓர் ஆளை ஏமாற்ற வேண்டியிருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

ஏமாறப் போவது என் அக்கா. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. காலை முழுக்க லென்ஸ் தேய்ப்பாள். மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் நாவல் எழுதுவாள். காலத்தில் பின்னால் போய், நடந்ததை மாற்றி, வேறொரு சரித்திரத்துக்குள் போய் விழுகிற நாவல்.

"அத்தைக்கு மீசை முளைச்சா சித்தப்பா. இதுக்குப் போய் முந்நூறு பக்கமா?" என்பார் கடை முதலாளி.

அவர் குரல் எனக்கு அத்துப்படி. அவர், கணக்கு டீச்சர், மாடி வீட்டுக்காரம்மா, அந்த வீட்டு நாய் எல்லோரும் என் தொண்டைக்குள்தான் குடித்தனம். போன வாரம் மாடி வீட்டுக்காரம்மா குரலில் அவர் கணவரைக் கூப்பிட்டேன். மனுஷன் சோப்பு நுரையோடு படியிறங்கி வந்துவிட்டார்.

என் தொண்டைக்குப் புதிதாகக் குடிவந்தவர் அக்காவின் பதிப்பாசிரியர். ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் போனில் பேசினார்; ஸ்பீக்கரில் கேட்டேன். நிரந்தர மூக்கடைப்பு. எதைச் சொன்னாலும் முன்னால் ஒரு 'அதாவது பாருங்க'.

"அதாவது பாருங்க, கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுங்கம்மா. முடிவு என்னன்னாவது சொல்லுங்க."

"எனக்கே இன்னும் தெரியல சார்," என்றாள் அக்கா.

அந்த முடிவு தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணம், அவளுக்குத் தெரியாமல் மொத்தத்தையும் படித்துவிட்டேன்.

கதை இதுதான். ஒருத்திக்குத் தூர ஊரில் விண்வெளி பற்றிப் படிக்க இடம் கிடைக்கிறது. கிளம்ப வேண்டிய வாரம் அப்பாவும் அம்மாவும் விபத்தில் போய்விடுகிறார்கள். ஒன்பது வயதுத் தங்கைக்காக அவள் ரயில் ஏறவில்லை. துணிக்கடையில் வேலைக்குச் சேர்கிறாள். பல வருடம் கழித்து, ஒரு பழைய லிஃப்ட் அவளை அந்த நாளிலேயே கொண்டுபோய் இறக்குகிறது. இந்த முறை ஏறிவிடுகிறாள். சரித்திரம் இரண்டாகப் பிரிகிறது. புதியதில் அவள் பெரிய விஞ்ஞானி. தங்கை யாரோ உறவுக்காரர் வீட்டில். லிஃப்ட் இன்னும் ஒரே ஒரு முறைதான் ஓடும். திரும்பி வருவாளா, அங்கேயே இருந்துவிடுவாளா?

அதற்குக் கீழே நாலு வரி எழுதி, நாலையும் அடித்திருந்தாள்.

நிஜத்தில் அந்த ஒன்பது வயதுத் தங்கைக்கு இப்போது பதினாறு. உங்களோடு பேசிக்கொண்டிருப்பது அவள்தான்.

எனக்கு இருபது குரல் வரும். 'அக்கா, என்னால உன் வாழ்க்கை போச்சா?' என்று கேட்கிற குரல் மட்டும் வராது.

ஆகவே பதிப்பாசிரியர். இருங்கள், சிரிப்பு வந்துகொண்டே இருக்கிறது.

பரீட்சைக்குப் படிக்க லீவு விட்டிருந்தார்கள். மத்தியானம் கடைக்குப் போன் போட்டேன். எண் காட்டாத பழைய போன். மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டேன்.

"அதாவது பாருங்க, நான்தாம்மா பேசறேன். முடிவு என்ன ஆச்சு?"

"வணக்கம் சார். ஜலதோஷம் இன்னும் விடலையா?"

"அது கூடப் பொறந்தது, விடுங்க. எனக்கு ஒரு யோசனை. அவ அங்கேயே இருந்துடட்டுமே? படிப்பு இருக்கு, பேர் இருக்கு. எதுக்குத் திரும்பி வந்து லென்ஸ் தேய்க்கணும்?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். கதையில் அவளுக்குத் துணிக்கடை! நல்லவேளை, அக்கா கவனிக்கவில்லை.

"பொய் சொல்ல மாட்டேன் சார். அந்த ரயில் கிளம்பற நேரத்துக்கு இன்னைக்கும் கடிகாரத்தைப் பார்ப்பேன். அவ விஞ்ஞானியா இருக்கற நாப்பது பக்கத்தையும் ஒரே மூச்சுல எழுதினேன். அவ்வளவு ஆசையா இருந்துச்சு."

மூக்கைப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. அது தானாகவே அடைத்துக்கொண்டது.

"அப்ப... அங்கேயே விட்டுடலாம்," என்றேன்.

"கேளுங்க சார். அங்க ஒரு நாள் அவ தங்கச்சியைப் பார்க்கப் போறா. அந்தப் பொண்ணு கதவைத் திறந்து, 'வாங்க, உக்காருங்க'ங்கறா. சொந்த அக்காவை! யாரு மாதிரியும் பேசிக் காட்டல, யாரையும் வம்புக்கு இழுக்கல. அதட்டினா அழுதுடற மாதிரி, ரொம்ப அடக்கமான பொண்ணு. இவளால பத்து நிமிஷம் உக்கார முடியல சார். குடுத்த தண்ணியைக்கூடக் குடிக்காம லிஃப்டுக்கு ஓடறா."

"இதை எப்ப எழுதினீங்க?"

"இப்பதான், நீங்க கேட்டதும். பேனா கையிலதான் இருக்கு."

"திரும்பி வந்தப்புறம் அவ வருத்தப்பட மாட்டாளா?"

"படுவா. வருத்தம் பாட்டுக்கு ஒரு மூலையில கெடக்கட்டும் சார். அதுக்காக, அந்த வாலு இல்லாத சரித்திரத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"அதாவது..." என்றேன். 'பாருங்க' வரவில்லை.

"சார், வைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு."

"சொல்லுங்கம்மா."

"சாப்பாடு மூடி வச்சிருக்கேன். மூக்கைச் சிந்திட்டு, முகத்தைக் கழுவிட்டு, ஆறிப்போச்சுன்னு முனகாம சாப்பிட்டுப் படிக்க உக்காருடி."