நிலைக்கு மேலே

வீட்டுத் திறப்புக் கொத்தை, வீட்டுக்குச் சொந்தக்காரியான அவள் கையில் வைத்த பிறகும் மெற்றில்டா போகவில்லை.

மெற்றில்டாவின் சாமான்கள் முற்றத்தில் கிடந்தன. கட்டில், தையல் மெசின், சட்டி பானை. ஏற்றிப்போக வருவதாகச் சொன்ன லாண்ட்மாஸ்டர் இழுவை வண்டி இன்னும் வரவில்லை. அதற்குள் இரண்டு கழுதைகள் வந்து கட்டிலோடு உரசிக்கொண்டு நின்றன.

மன்னாரில் கழுதைகளுக்கு எவர் வீட்டு முற்றமும் சொந்தம். அவற்றை யாரும் ஊரைவிட்டுப் போகச் சொன்னதில்லை.

அவளைச் சொன்னார்கள். இந்த நகரத்தின் முஸ்லிம்கள் எல்லோரையும் சொன்னார்கள். தொண்ணூறாம் ஆண்டு, துப்பாக்கி வைத்திருந்தவர்கள். உடுத்த சேலையோடு படகேறினாள். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் பிள்ளைகளை வளர்த்தாள். கணவரை அந்த மண்ணிலேயே அடக்கம் செய்தாள்.

இப்போது வந்து நிற்கிறாள்.

வீடு இருந்தது. வீட்டுக்குள் மெற்றில்டா இருந்தாள்.

மெற்றில்டாவும் ஆசைப்பட்டு வந்தவள் அல்ல. பெருநிலத்தில் அவளுடைய வீட்டின் மேல் ஷெல் விழுந்தது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மன்னார்த் தீவுக்குள் ஓடி வந்தவளுக்குத் திறந்து கிடந்த வீடு ஒன்று கிடைத்தது. அந்த நாட்களில் திறந்து கிடந்த வீடுகளுக்கு இங்கே பஞ்சமில்லை.

ஊர் பார்க்க வருகிறவர்களுக்குக் கோட்டையைக் காட்டுவார்கள். பெருக்க மரத்தைக் காட்டுவார்கள். யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் இந்த ஊரின் சரித்திரம். அதை ஒருவரும் காட்டுவதில்லை.

வழக்கு வருடக்கணக்கில் இழுபட்டது. அவள் மகன் இல்யாஸ்தான் அலைந்தான். மெற்றில்டா ஒவ்வொரு தவணைக்கும் வந்தாள். வீடு உங்களுடையதுதான் என்று ஒத்துக்கொண்டாள். ஆனால் வீட்டை விட்டு எழும்ப மாட்டேன் என்றாள். நீதிபதிக்கே அலுத்துப் போயிற்றாம். கடைசியில் வீட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது.

புத்தளத்தில் இருந்துகொண்டு அவள் மெற்றில்டாவைத் திட்டாத நாளில்லை. நேரில் கண்டால் கேட்பதற்கென்று நிறையச் சேர்த்து வைத்திருந்தாள்.

இப்போது ஒன்றையும் காணோம். சண்டை பிடிக்கவும் உடம்பில் தெம்பு வேண்டும். இரண்டு பேருக்குமே முழங்கால் வலி. இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்கள். தெருப் படலைக்கு வெளியே இல்யாஸ் லொறியிலிருந்து தாயின் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தான்.

வீடு கைக்கு வந்தால் சந்தோஷம் வரும் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

களைப்புத்தான் வந்தது.

ஏன் எழும்ப மாட்டேன் என்றாய் என்று கேட்டாள். கோபத்தில் கேட்கவில்லை.

மெற்றில்டா மகனைப் பற்றிச் சொன்னாள். டெஸ்மன். இந்த வீட்டில் வளர்ந்தவன். யுத்தத்தின் கடைசி வருடங்களில் ஒருநாள் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் போனான், திரும்பி வரவில்லை. கடை தெருமுனையில்தான். ஆட்களைப் பிடித்து ஏற்றிப்போகிற வெள்ளை வான் ஒன்று நின்றதாகச் சிலர் சொன்னார்கள். பிறகு தாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை என்றார்கள்.

அவனுக்குத் தெரிந்த வீடு இது ஒன்றுதான்.

"நான் பேசாலையில தங்கச்சி வீட்டில இருக்கிறன் எண்டு அவனுக்கு ஆர் சொல்லுறது?"

நான் சொல்கிறேன் என்றாள் அவள். வந்தால் இருத்திச் சோறு கொடுத்து, உடனே ஆள் அனுப்புகிறேன் என்றாள். சொல்லும்போது அது நடக்கப்போகிற காரியம் போலவே இருந்தது.

மெற்றில்டா தலையாட்டி மறுத்தாள்.

"வாசல்ல முக்காட்டோட உங்களக் கண்டா, வீடு மாறி வந்திட்டன் எண்டு திரும்பிப் போயிடுவான் அக்கா. ஆரிட்டயும் ஒண்டும் கேக்க மாட்டான். அவ்வளவு கூச்சம்."

தெருவில் லாண்ட்மாஸ்டர் சத்தம் கேட்டது.

மெற்றில்டா எழுந்தாள். ஒரு முக்காலியை இழுத்து வாசலில் போட்டு ஏறினாள்.

வாசல் நிலைக்கு மேலே குருத்தோலைச் சிலுவை ஒன்று செருகியிருந்தது. ஈஸ்டருக்கு முந்திய ஞாயிறு கோயிலில் மந்திரித்துக் கொடுக்கிற ஓலை. மடித்துச் சிலுவையாக்கி வேதக்காரர்கள் வாசலில் செருகுவார்கள். காய்ந்து பழுப்பேறிப் போயிருந்தது.

அவளுக்கு அது அப்போதுதான் கண்ணில் பட்டது. அந்த இடத்தில் முன்பு குர்ஆன் வசனம் எழுதிய பலகை இருந்தது. புதியது ஒன்றை இல்யாஸ் புத்தளத்திலிருந்து மடியில் வைத்தே கொண்டு வந்திருந்தான். இப்போது அதையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குள் வந்துகொண்டிருந்தான்.

"அது கிடக்கட்டும், மெற்றில்டா."

சிலுவையைக் கழற்றப் போன மெற்றில்டாவின் கை நின்றது. இல்யாஸும் நின்றான்.

உம்மா என்றான். இந்த வீட்டுக்காக அலைந்தவன் அவன். அவனுடைய முகத்தைப் பார்க்க அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. பலகையை உள்ளே, தொழுகிற அறையில் மாட்டச் சொன்னாள்.

அவன் முக்காலியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனான்.

மெற்றில்டா முக்காலியில் நின்றபடியே, இது மாரி மழைக்குத் தாங்காது, உதிர்ந்துவிடும் என்றாள்.

வருகிற வருடம் புதியது கொண்டுவந்து வை என்றாள் அவள். அதற்கு அடுத்த வருடமும் கொண்டுவா என்றாள்.

பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, முற்றத்தைக் கடந்து, படலைக்கு வெளியே போனாள். பாண் கடைப் பக்கமிருந்து வருகிற ஒருவன் நிற்கக்கூடிய இடத்தில் நின்று, வீட்டைப் பார்த்தாள்.

"சிலுவைய இன்னும் கொஞ்சம் கீழ இறக்கு" என்றாள். "இங்க இருந்து தெரியேல்ல."