கரோலினுக்கு ஒரு காப்பி

"நெட்டு கிட்டுலாம் வேணாம் நைனா. ஹார்ட் டிஸ்க்குல போட்டு எங்கையில குடு" என்றாள் ஹில்டா.

ராயபுரம் கல்மண்டபத்தில் தமீமின் கம்ப்யூட்டர் கடை. மேஜை மேல் இருந்த பழைய சிபியூ கடகடவென்று சத்தம் போட்டது. இன்றைக்கோ நாளைக்கோ மொத்தமாகப் படுத்துவிடும்.

அது ஜெரியுடையது. ஹில்டாவின் ஒரே மகன். ஹார்பரில் கண்டெய்னர் சரிந்து, போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். அவன் மொபைலில் எடுத்த வீடியோக்கள் எல்லாம் இதற்குள்தான் இருந்தன.

"ஹார்ட் டிஸ்க்கு கீழ வுழுந்தா போச்சு ஆன்ட்டி. நெட்ல போட்டா அழியாது. எந்த ஊர்ல இருந்தும் பாக்கலாம். நீங்களும் பாக்கலாம், உங்க மருமகளும் பாக்கலாம்."

"அதான் வேணான்றேன்."

பின்னால் நின்ற கரோலின், ஜெரியின் மனைவி, மெதுவாக வாயைத் திறந்தாள். "அத்தே, எனக்கும் ஒரு காப்பி..."

"உனக்கு இன்னாத்துக்கு? தெனம் போட்டுப் போட்டு அழுவுறதுக்கா? பெத்தவ நானு. எங்கிட்டதான் இருக்கணும்."

"அவரு கொரலு அதுலதான கீது அத்தே."

"வாய மூடிக்கினு வூட்டுக்கு வா."

இருவரும் போனபின் தமீமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்தாறு வயதில் புருஷனைப் பறிகொடுத்து நிற்கிறாள். மிச்சம் இருப்பது அந்தக் குரல் ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொண்டு, ஞாயிறு தவறாமல் கோயிலில் முழங்கால் போட இந்தம்மாவுக்கு எப்படித்தான் மனசு வருகிறதோ!

ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிய கையோடு, கரோலின் பெயரில் அவனே ஒரு ஐடி திறந்தான். ஒவ்வொரு வீடியோவாக நெட்டில் ஏற்றினான். பிராட்பேண்ட் வந்த புதிது. மூன்று நாளாகியும் பாதிதான் ஏறியிருந்தது.

அன்று மத்தியானம் ஹில்டா தனியாக வந்தாள். ஹார்ட் டிஸ்க்கை வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டவள், கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டாள்.

"அது இன்னா நைனா ஓடிகினு கீது? என் புள்ள மூஞ்சி தெரியுது?"

தமீமுக்கு மறைக்கத் தோன்றவில்லை. "கரோலினுக்காக நெட்ல ஏத்துறேன் ஆன்ட்டி. நீங்க பண்றது பாவம். அந்தப் பொண்ணு வயித்தெரிச்சல் சும்மா வுடாது."

கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

"ஃபாதர்ட்ட சொல்லி நான்தான் அவளுக்கு மாப்ள பாத்தேன். காசிமேட்டுப் பையன். ரெண்டு மாசமா மாட்டேன்னுட்டு, போன வாரம்தான் சரின்னா. வர்ற ஞாயித்துக்கெழம கோயில்ல எல்லாருக்கும் முன்னால அவளுக்குக் கல்யாண ஓலை வாசிக்கிறாங்க."

தமீம் ஏறிக்கொண்டிருந்த வீடியோவைத் திரும்பிப் பார்த்தான்.

"அவன் கொரலு கேக்காம எனக்கே சோறு எறங்க மாட்டேங்குது. அவளுக்கு மட்டும் ஆசை இருக்காதா? பாக்கணும்னா என் வூட்டுக்கு வந்து பாக்கட்டும், அது அவ அம்மா வூடு. நெட்ல ஏத்துறத நிப்பாட்டிடு நைனா."

முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நெட்ல போட்டா, அவ வாழப் போற வூட்டுக்கும் என் புள்ள பின்னாலயே போவான்."