எண் ஒட்டிய டப்பா

டப்பாவில் இருந்த பதினான்கு மாத்திரைகளும் தீர்ந்திருந்தன. ஆனால் நோயாளியின் ரத்தத்தில் மருந்தின் சுவடுகூட இல்லை. ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸ் அறிக்கையை இரண்டாம் முறையும் படித்துப் பார்த்தாள்.

மறுநாள் காலை அவருக்கு இதய ஆபரேஷன். மூன்று அடைப்பு, தள்ளிப்போட வழியே இல்லை. அதற்கு முன் இரண்டு வாரம் தினமும் ஒரு பிரஷர் மாத்திரை சாப்பிட வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் உடம்பில் கிளம்பும் அழற்சியை அது அடக்குகிறதா, யாருடைய மரபணுவுக்கு எப்படி ஒத்துப்போகிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

அவருடைய மரபணு மருந்தைச் சீக்கிரமே கரைத்துவிடுகிறதோ என்னவோ என்று டாக்டர் முதலில் சமாதானம் சொன்னார். மரபணு அறிக்கை வந்தது. அதில் ஒரு கோளாறும் இல்லை. அப்படியானால் மாத்திரை உள்ளே போகவே இல்லை. அதற்குப் பதிலாக என்ன போனது என்று சாயங்காலத்துக்குள் தெரியாவிட்டால் மயக்க மருந்து கொடுக்க முடியாது, ஆபரேஷனும் கிடையாது என்று கையை விரித்துவிட்டார்.

நர்ஸ் சாதாரணமாகவே யாரையும் லேசில் நம்பமாட்டாள். காய்ச்சல் என்று லீவு கேட்டால் தெர்மாமீட்டரை நீட்டுகிற ரகம். விறுவிறுவென்று வார்டுக்குப் போனாள்.

நோயாளி ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். தன் பிரஷர் ரிப்பேரான லிஃப்ட் மாதிரி மேலேயே நிற்கிறது என்று தமாஷ் பண்ணினார். ஒரு நாள்கூட மாத்திரை தவறவில்லை என்று சத்தியம் செய்தார். காலையில் மனைவி தண்ணீரோடு தட்டில் வைப்பாளாம், இவர் விழுங்கிவிடுவாராம்.

"என்ன மாத்திரைன்னு சொல்லிக் குடுப்பாங்களா?"

"பேசினாத்தானே சிஸ்டர் சொல்றதுக்கு? நாங்க பேசி மூணு வருஷம் ஆச்சு."

மகள் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டபோது ஆரம்பித்த சண்டையாம். அந்த வீட்டில் தட்டு பேசும், கதவு பேசும், இவர்கள் இருவரும் பேசுவதில்லை. மாத்திரை டப்பா எங்கே இருக்கும் என்று நர்ஸ் கேட்டாள். பீரோவில், பூட்டித்தான் இருக்கும். சாவி மனைவியிடம்.

மூன்று வருஷக் கோபம், பூட்டின பீரோ, தட்டில் வேறு ஏதோ மாத்திரை. பேப்பரில் படித்த பயங்கரங்களெல்லாம் நர்ஸுக்கு வரிசையாக ஞாபகம் வந்தன.

மனைவி வராந்தாவில் ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்து, கைக்குட்டையால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டிருந்தாள். நர்ஸைப் பார்த்ததும் எழுந்தவள், தலை சுற்றி மறுபடி உட்கார்ந்துவிட்டாள். பயந்துவிட்டாள் என்று நர்ஸ் மனதில் குறித்துக்கொண்டாள்.

"தினமும் அவருக்கு என்ன மாத்திரை குடுத்தீங்கம்மா?"

அந்த அம்மா மறைக்கவே இல்லை. பைக்குள் துழாவி ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள். அவள் எலும்புக்குச் சாப்பிடும் கால்சியம் மாத்திரை. வெள்ளை, வட்டம், பிரஷர் மாத்திரை அளவேதான்.

நர்ஸ் டாக்டருக்குப் போன் போட்டாள். கால்சியம்தானே, ஆபரேஷன் நடக்கும் என்றார். நிம்மதி வந்த வேகத்திலேயே கோபமும் வந்தது. கோபம் இருந்தால் சண்டை போட்டுத் தீர்க்க வேண்டியதுதானே, கட்டின மனுஷனின் உயிரில் விளையாடலாமா என்று பொரிந்து தள்ளினாள்.

"எங்க மாத்திரை பதினாலையும் எங்க கொட்டினீங்க?"

"கொட்டலை சிஸ்டர்." மறுபடியும் வறட்டு இருமல். அடங்கும்வரை காத்திருந்து சொன்னாள். "டப்பாவுல பேர் இல்ல, வெறும் நம்பர். ஆராய்ச்சின்னு வேற சொன்னீங்க. அதான் முதல்ல நானே சாப்பிட்டுப் பார்த்தேன். நாலாம் நாளே இருமல் வந்துடுச்சு. நிக்குதான்னு பதினாலு நாளும் சாப்பிட்டுப் பார்த்தேன், நிக்கலை... அப்புறம் அதை எப்படி அவருக்குக் குடுப்பேன்?"